வெயில் எட்டாத முகப்பில் மலர்க் கூடைகள்

ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் நாம், பீடத்தின் இருமருங்கிலும் வைக்கப்பட்டுள்ள மலர்களைக் காண்கின்றோம். அவை எவர் வீட்டிலிருந்து வந்தவை என்று இப்பொழுது எவரும் கேட்பதில்லை. கேட்டாலும், ‘தோவாளைச் சந்தையிலிருந்து’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும். நாஞ்சில் நாட்டில் வாழும் எங்களுக்குத் தோவாளை கூப்பிடு தூரம்; அங்கு கிடைக்காத மலரும் இல்லை. ஆயினும் ஒரு தலைமுறைக்கு முன்பு, பீடத்தில் இருப்பது இன்னார் வீட்டு நந்தியாவட்டை, இன்னார் வீட்டுச் செவ்வந்தி என்று பங்கு மக்கள் அனைவரும் அறிந்திருந்தனர். சனிக்கிழமை மாலைதோறும் ஈரத்துணி போர்த்திய கூடையுடன் கோவிலை நோக்கிச் செல்லும் பெண்மணிகளுள் எங்கள் தாயாரும் ஒருவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பணியை அவர் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. குடும்ப நிலம் பிரிக்கப்பட்டபோது, தோட்டம் இருந்த பகுதியில் தம்பியின் வீடு எழுந்தது. அதில் எங்களுக்கு மனக்குறை எதுவுமில்லை. குடியிருக்க வீடு வேண்டுமல்லவா? கிழக்கே அண்டை வீட்டாரும் இரண்டு மாடி எழுப்பினர். எஞ்சியது வடக்கு நோக்கிய முகப்பு வராந்தா மட்டுமே. இருபதடி நீளம், எட்டடி அகலம், ஓட்டுக் கூரை. கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மாடி எழுந்தபின் காலை வெயில் அங்கு எட்டிப் பார்ப்பதில்லை.

2017-இல் தாயார் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்னர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நடக்கலாம் என்ற அளவுக்குத் தேறினார். காலை செபம் முடிந்து வராந்தாவின் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தால், மாலை செபமாலை வரையில் அங்கேதான். எதிரே தம்பி வீட்டுச் சுவர். ஒரு நாள் நண்பகல் உணவைக் கையில் கொடுத்தபோது, தட்டைப் பாராமலே, “நான் இனி என்னத்துக்கு மக்களே?” என்று கேட்டார். கோபமாகவோ அழுகையாகவோ கேட்கவில்லை. கடையில் அரிசி விலை கேட்பதைப் போன்று கேட்டார். எங்களால் அன்று சரியாக உண்ண இயலவில்லை.

அவர் அமர்ந்திருக்கும் இடத்திற்கே மலர்களைக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்பொழுதுதான் பிறந்தது. தரையில் தொட்டி வைத்தால் வாக்கர் இடறும். ஆகவே தொங்கு கூடைகள் என்று முடிவு செய்தோம். நாற்றுப் பண்ணை ஒன்றுக்குச் சென்று, பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்த நான்கு கூடைகளை விலை பேசி வாங்கினோம். இரண்டில் பத்து மணிப் பூ, இரண்டில் பெட்டூனியா. வராந்தாவின் உத்தரத்தில் ஏழடி உயரத்தில் வரிசையாக மாட்டினோம். தாயாரின் முகம் மலர்ந்தது. பங்குத் தந்தை நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க வந்தபோது, அவரும் பாராட்டினார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. பத்து மணிப் பூவின் தண்டுகள் நூல் நூலாக நீண்டு, வெளிச்சம் வரும் திசையை நோக்கிச் சாய்ந்தன. மொட்டுகள் விரியாமலே பழுத்து உதிர்ந்தன. பெட்டூனியா அடியிலிருந்து அழுகிற்று. நாங்கள் பண்ணைக்காரரைக் குறை கூறத் தொடங்கினோம். தாயார்தான், “செடியையும் குறை சொல்லாதே, விற்றவனையும் குறை சொல்லாதே. இடத்தைப் பார்க்காமல் வாங்கினது நாம்” என்றார். நாற்பது ஆண்டுகள் மண்ணில் கை வைத்தவரை ஒரு சொல்லும் கேட்காமல் நாங்கள் செடி வாங்கியிருந்தோம் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. அத்துடன் மற்றொன்றும் புலப்பட்டது. முக்காலி மேல் ஏறி நீர் ஊற்றியது நாங்கள். அவர் வெறுமனே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு அது விடையன்று.

வெளிச்சத்தை அளந்த விதம்

நிழல் என்பது ஒன்றே போலத் தோன்றினாலும் அதில் பல தரங்கள் உண்டு. இதனை அறிய எளிய வழி ஒன்று இருக்கின்றது. முற்பகல் பத்து மணி அளவில், கூடை தொங்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து, அதற்கு ஓரடி மேலே கையை விரித்துக் காட்டவேண்டும். விரல்கள் தனித்தனியே தெரியும்படி நிழல் விழுந்தால், அது பூக்கும் செடிகளுக்கு ஏற்ற நல்ல வெளிச்சம். கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால், நிழல் விரும்பும் பூச்செடிகள் பிழைக்கும். நிழலே விழாவிடில், அங்கு இலைச் செடிகளும் பெரணிகளும் மட்டுமே உகந்தவை. எங்கள் வராந்தாவின் விளிம்பில் நல்ல வெளிச்சம், மூன்றடி உள்ளே மங்கல், சுவரோரத்தில் ஒன்றுமில்லை. உத்தரத்தின் நடுவில் நாங்கள் மாட்டிய கூடைகள் ஏன் வாடின என்பது இதனாலேயே விளங்கிற்று.

இந்தச் சோதனையை நாங்கள் ஒரு நாள் செய்தோம். தாயாரோ ஆண்டு முழுவதும் செய்தார். நாள் முழுவதும் அங்கேயே அமர்ந்திருப்பவருக்கு வெளிச்சத்தைக் கவனிப்பதைவிட எளிய வேலை எது? நண்பகலில் வெயில் தரையில் எதுவரை வருகிறதோ, அதுவரை பேரப் பிள்ளைகள் சுண்ணக் கட்டியால் கோடு கிழித்துத் தேதியை எழுதுவார்கள். அவர் அதனைப் பங்கு நாட்காட்டியின் பின்புறம் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

அதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. வடக்குப் பார்த்த முகப்புக்கு வெயிலே வராது என்று எண்ணியிருந்தோம்; அது முழு உண்மையன்று. நாகர்கோவில் பகுதியில் ஏப்ரல் 11, 12 தேதிகளில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. அதன்பின் வடக்கே நகர்ந்து, மீண்டும் செப்டம்பர் தொடக்கத்தில் தலைக்கு மேல் வருகின்றது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து திங்களில், வடக்கு முகப்பின் விளிம்பில் நண்பகல் வெயில் படும். ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில், மேகம் விலகிய வேளையில், எங்கள் தரையில் அது இரண்டடிக்குச் சற்று அதிகமாக உள்ளே வந்தது. தெற்கு நோக்கிய வீடுகளில் இதற்கு நேர்மாறு. அங்கே மார்கழி வெயில்தான் உள்ளே வரும். சென்னையில் சூரியன் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் ஆகையால், அங்கு வடக்கு வெயிலின் காலம் சற்றுக் குறுகும். தம் வீட்டின் திசையை அறிந்தவர்கள், எந்தத் திங்களில் கூடையை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே தள்ளவேண்டும் என்பதையும் இவ்வாறே அறிந்துகொள்ளலாம்.

எந்தச் செடிகள்?

நிழலில் பூப்பவற்றுள் முதலிடம் பெறத் தக்கது பிகோனியா. தடித்த, பளபளப்பான இலையும் சிறு சிறு கொத்துப் பூவும் கொண்ட மெழுகு பிகோனியா, எங்கள் பகுதியின் ஈரக் காற்றில் ஆண்டில் பெரும் பகுதி பூக்கின்றது. கரும்பு போன்று கணுக்கணுவாக வளர்ந்து, சிறகு வடிவ இலைகளை விரிக்கும் மற்றொரு வகையும் உண்டு. அதற்குத் தாயார் ‘சம்மனசுச் செடி’ என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் தெருவில் இப்பொழுது அதற்கு அதுவே பெயர்.

பிகோனியா என்னும் பெயரை இட்டவர் துறவி ஒருவர் என்பதை வாசகர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் தோற்றுவித்த மினிம் சபையைச் சேர்ந்த ஷார்ல் புளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மூன்று முறை கடற்பயணம் செய்து, அங்குள்ள செடிகளை வரைந்தும் விவரித்தும் வைத்தார். தமக்குத் துணை புரிந்த மிஷேல் பெகோன் என்னும் அரசு அதிகாரியின் பெயரைப் பிகோனியாவுக்குச் சூட்டினார். கொடைக்கானலிலும் உதகையிலும் வீட்டு முகப்புகளில் காதணி போன்று தொங்கும் ஃபூஷியா மலருக்குப் பெயரிட்டவரும் அவரே. அந்தப் பெயர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவருடையது. அவர் லூத்தரன் சபையினர். சமயப் பிணக்கு மிகுந்திருந்த அக்காலத்தில் ஒரு கத்தோலிக்கத் துறவி இவ்வாறு செய்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. புளூமியே நான்காம் பயணத்திற்குப் புறப்படும் வேளையில் 1704-இல் ஸ்பெயின் நாட்டில் இறந்தார். நம் கல்லறைத் தோட்டங்களில் வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்து கிடக்கும் பெருங்கள்ளிப் பூவின் அறிவியல் பெயரான புளூமேரியா, அவர் நினைவாக வைக்கப்பட்டதே. ஃபூஷியாவின் அழகைக் கண்டு சமவெளியில் வளர்க்க ஆசைப்படவேண்டாம். கோடை வெப்பத்தில் அது பிழைப்பதில்லை. நாங்கள் ஒரு முறை பணத்தை இழந்தபின் கூறுகின்றோம்.

இரண்டாவது, பால்சம் என்று பண்ணைகளில் விற்கப்படும் ஆப்பிரிக்கத் தும்பை. நம் கொல்லைகளில் வளரும் காசித்தும்பைக்கு இது நெருங்கிய உறவு. முற்றிய காயைத் தொட்டவுடன் வெடித்து விதை தெறிக்கும் குணமும் அப்படியே. கிழக்காப்பிரிக்காவைச் சேர்ந்த இச்செடியின் அறிவியல் பெயரில், அங்கு அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய ஹொரேஸ் வாலர் என்ற ஆங்கிலிக்கன் மறைப்பணியாளரின் பெயர் இருக்கின்றது. மங்கல் வெளிச்சத்திலும் சிவப்பு, வெள்ளை, ஊதா என்று நிறைந்து பூக்கும். ஐப்பசி முதல் பங்குனி வரை இதற்கு நல்ல காலம். கோடையில் நண்பகலில் துவண்டு தொங்கும். அதற்கு அஞ்சி மேலும் மேலும் நீர் ஊற்றினால் தண்டு அழுகிவிடும். மாலையில் தானே நிமிர்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுவதே முறை.

கோடையைத் தாங்குவது டோரனியா. நீலமும் வெள்ளையுமாகச் சிறு வாய் திறந்தாற்போன்ற பூ. கூடையின் விளிம்பைக் கடந்து வழியும். மேலும், மெழுகில் வார்த்தாற்போன்று பூங்கொத்து விடும் ஹோயாக் கொடியும் நல்லது; ஆனால் அது பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்கவேண்டும். பூ உதிர்ந்தபின் அதன் காம்பைக் கிள்ளிவிடக் கூடாது. அடுத்த ஆண்டு அதே காம்பில்தான் மீண்டும் மொட்டு வரும். சுவரோர இருட்டுக்குப் பெரணியும் மணி பிளான்டும் போதும். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எவர் வளர்த்தாலும் வளரும்.

மலைப் பகுதியிலிருந்து சிலர் சாக்குப் பைகளில் கொண்டுவந்து விற்கும் ஆர்க்கிட் செடிகளை வாங்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம். அவை பெரும்பாலும் காட்டு மரங்களிலிருந்து உரித்தெடுக்கப்பட்டவை. பண்ணைகளில் வளர்த்த ஆர்க்கிடுகள் கிடைக்கின்றன. விலை சற்று அதிகம், அவ்வளவே. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுப் பூக்களுக்கென்று தொடாமல் விட்டுவைக்கச் சொன்னார் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் நினைவுபடுத்தியிருக்கின்றார். காட்டிலுள்ளதைக் காட்டிலேயே விட்டுவிடலாம்.

கூடையும் மண்ணும்

தோட்டத்து மண்ணை அப்படியே கூடையில் நிரப்புவது முதல் தவறு. ஓரடி விட்டமுள்ள கூடையில் ஏறத்தாழ ஏழு லிட்டர் மண் கொள்ளும். நனைந்த செம்மண் என்றால் அது பத்து கிலோவைத் தொட்டுவிடும். சில திங்களில் இறுகிக் கல்லாகவும் ஆகிவிடும். நாங்கள் இடுவது தேங்காய் நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு. இது நனைந்த நிலையிலும் ஆறு கிலோவுக்கு மேற்படுவதில்லை. நார்க் கழிவில் உப்பு இருக்கும். ஆகையால் வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, நீரை மாற்றி, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்தவேண்டும். அலசாமல் இட்டால் இலை ஓரம் கருகும்.

கூடைக்கு விலை கொடுக்கவேண்டிய தேவையும் இல்லை. கம்பிக் கூடையின் உட்புறம், எங்கள் பகுதியில் கதம்பை என்று சொல்லும் தேங்காய் மட்டையின் நாரைப் பிரித்து, ஓரங்குல கனத்திற்கு அழுத்திப் பரப்பினால் போதும். அதன் மேல், அடியில் நான்கைந்து துளையிட்ட பிளாஸ்டிக் தாளைப் பாதி உயரம் வரை விரித்தால் ஈரம் விரைவில் வற்றாது.

நிழலில் தொங்கும் கூடை, நீரின்றி வாடுவதைவிட நீர் மிகுந்து அழுகுவதே அதிகம். நீர் ஊற்றலாமா வேண்டாமா என்பதைக் கூடையைக் கீழிருந்து உள்ளங்கையால் சற்றே தூக்கிப் பார்த்து அறியலாம். நனைந்த கூடையின் கனமும் காய்ந்த கூடையின் கனமும் ஒரு வாரப் பழக்கத்தில் கைக்குத் தெரிந்துவிடும். கூடைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரம் ஒரு முறையேனும் அதனைக் கவிழ்த்துத் துடைக்கவேண்டும். டெங்கு பரப்பும் கொசு அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் அது பறக்கத் தொடங்கிவிடும். நாங்கள் தட்டு வைப்பதையே விட்டுவிட்டோம். தரை சற்று நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

உரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினால் செடிக்கு மிகவும் நல்லது என்று கேள்விப்பட்டு நாங்களும் ஊற்றினோம். அன்று மாலை எங்கள் வீட்டில் தெருவினர் கூடும் செபமாலை. மறையுண்மைகள் ஐந்தையும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிந்தித்தோம் என்றுதான் சொல்லவேண்டும். முகப்பில் இருப்பவற்றுக்கு மண்புழு உரமே தகும். திங்களுக்கு ஒரு பிடி. இலைக்கு அடியில் வெள்ளை மாவுப்பூச்சி கண்டால், லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை நேரத்தில் தெளித்தால் போதும்.

கப்பி

இவ்வளவும் அறிந்தபின்னும், கூடை ஏழடி உயரத்தில் இருக்கும் வரை அது தாயாரின் செடி ஆகவில்லை. இதற்கு வழி சொன்னவர் எங்கள் ஊர்த் தச்சர். உத்தரத்தில் கூடைக்கு மேலே ஒரு கப்பி, சுவரோரமாக மற்றொரு கப்பி. இரண்டின் வழியாகவும் ஒரு கயிறு. கயிற்றை அவிழ்த்தால் கூடை கீழே இறங்கும். ஆனால் ஆறு கிலோவை இறக்குவதும் ஏற்றுவதும் எண்பதை நெருங்கும் கைகளால் ஆகாது. கப்பி கயிற்றின் திசையை மாற்றுமே அன்றிச் சுமையைக் குறைப்பதில்லை. ஆகவே தச்சர், கயிற்றின் மறுமுனையில் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டில் மணல் நிரப்பிக் கட்டினார். இரண்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்குச் சற்று மேல். தராசின் இரு தட்டுகளைப் போன்று கூடையும் மணலும் சமமாக நின்றன. விரலால் இழுத்தால் கூடை மடி உயரத்திற்கு வரும். தள்ளினால் மேலே செல்லும். நீர் ஊற்றியபின் கூடை சற்றுக் கனக்கும் ஆகையால், கயிற்றைச் சுவரிலுள்ள முளையில் எட்டு வடிவில் சுற்றி நிறுத்தவேண்டும்.

ஒரு நாள் இரவில் பெருஞ்சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தோம். கப்பியில் உராய்ந்து நைந்திருந்த கயிறு அறுந்து, ஒரு பக்கம் கூடையும் மறுபக்கம் மணல் பாட்டில்களும் தரையில் கிடந்தன. பகலில் பிள்ளைகள் விளையாடும் இடம் அது. அன்று முதல் கூடைக்குத் தனியே ஒரு சங்கிலி. உத்தரத்தில் தனியாக ஒரு கொக்கி. கூடை எவ்வளவு கீழே வரவேண்டுமோ அவ்வளவே சங்கிலியின் நீளம். மணல் பாட்டில்களும் எவரும் நடவாத மூலைக்கு மாற்றப்பட்டு, மரச் சட்டத்திற்குள் அடைக்கப்பட்டன. ஆண்டுதோறும் திருவருகைக் காலம் தொடங்கும் வாரத்தில் கயிற்றை மாற்றிவிடுகின்றோம். இதனைப் பின்பற்ற விரும்புவோர் சங்கிலியை மட்டும் மறக்கவேண்டாம்.

கப்பி வந்த மறுநாள் காலையில் நாங்கள் எழுவதற்கு முன்பே தாயார் வராந்தாவில் இருந்தார். ஒரு கூடை அவர் மடிக்கு இறங்கியிருந்தது. பழுத்த இலைகளைக் கிள்ளி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். “காப்பி பிறகு கொண்டு வாருங்கள், கை அழுக்காய் இருக்கு” என்றார்.

கிள்ளும் நாள்

பால்சமும் பிகோனியாவும் தம் போக்கில் விட்டால் நீண்டு, அடிப்பகுதி வெறுமையாகி, நுனியில் மட்டும் பூக்கும். நுனியைக் கிள்ளினால் ஒரு கிளை இரண்டாகும். ஐந்தாறு வாரங்களில் கூடை நிறைந்து பூக்கும். எல்லாத் தோட்டக்காரர்களும் அறிந்ததே. தாயார் அதற்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். தவக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதில்லை. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விலக்கு. ஆகவே திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலுடன் அமர்ந்து, எல்லாக் கூடைகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, பூவும் மொட்டும் நுனியும் பாராமல் கிள்ளிவிடுவார். பார்ப்பதற்குச் சற்று வருத்தமாகவே இருக்கும். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு நாற்பத்தாறாம் நாள்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்றும் அவ்வாறே கிள்ளினார். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இரண்டு கூடைகளைக் கோவிலுக்கு அனுப்புவதாகப் பங்குத் தந்தையிடம் சொல்லியும் வைத்திருந்தார். கூடையாகவே கொண்டுசென்று பீடத்தின் இருபுறமும் நிறுத்துவது என்பது ஏற்பாடு. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் கை மலர் பீடத்திற்குச் செல்லவிருந்தது. மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு. கோவில் கதவு அடைக்கப்பட்டது. பூச்சந்தைகளும் அடைபட்டன. புனித வாரத்தைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கழித்தோம்.

செடிகளுக்கு இவை எதுவும் தெரியாதல்லவா? ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று காலையில் நான்கு கூடைகளும், இலை தெரியாத அளவுக்குப் பூத்திருந்தன. நாங்கள் அவற்றைப் பார்ப்பதைத் தவிர்த்தோம் என்பதே உண்மை. தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் தாமே கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கூடைகளைத் தெருவில் நடப்பவர் கண்ணுக்கு நேராக நிற்கும் உயரத்தில் கட்டச் செய்தார். பால் வாங்கச் சென்றவர்கள், மருந்து வாங்கச் சென்றவர்கள், முகக் கவசத்துடன் தெருவில் நின்று பார்த்துவிட்டுச் சென்றனர். அண்டை வீட்டு அம்மையார் மாடியிலிருந்தபடியே உயிர்ப்பு வாழ்த்துக் கூறினார். இந்துச் சகோதரர் ஒருவர், “பாட்டி, இன்றைக்கு உங்கள் வீட்டில் விசேஷமா?” என்று கேட்டார். “விசேஷம்தான் மக்களே” என்றார் தாயார்.

கூடைகள் கோவிலுக்குச் சென்றது 2022-ஆம் ஆண்டில்தான். இப்பொழுது ஆண்டுதோறும் செல்கின்றன. மே திங்களில் மரியன்னையின் கெபியிலும் ஒரு கூடை தொங்குகின்றது. கெபியும் வெயில் படாத இடமே. வெட்டிய பூ ஒரு நாளில் வாடும், கூடையோ திங்கள் முழுவதும் நிற்கும். கோவில்பிள்ளை அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றுவதாகச் சொல்லித் தாயார் அவருக்கு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

திருநீற்றுப் புதனன்று கிள்ளிய நுனிகள் வீணாவதில்லை. பால்சம் தண்டை நான்கு அங்குல நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, நீர் நிரப்பிய பாட்டிலில் நிறுத்தினால் பத்து நாட்களில் வேர் விடும். நீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். இவ்வாண்டு எங்கள் சன்னல் விளிம்பில் பதினொரு பாட்டில்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் எவருக்கு என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தார். கேட்டு வந்த பிள்ளைகளிடம் அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: பூத்த பிறகு ஒரு முறை கொண்டுவந்து காட்டவேண்டும். இதுவரை ஏழு பேர் வந்து காட்டியிருக்கின்றார்கள். மற்ற நால்வருக்கும் சொல்லி அனுப்பியிருக்கின்றார்.